ஆவுளியாவின் எலும்பமைப்பு

ஆவுளியா என்பது மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் கடற்பாலூட்டி ஆகும். இராமநாதபுரக் கரையோர மீனவர் இதனைக் கடற்பசு, கடற்பன்றி என்றும் அழைப்பர். இதன் எலும்புகள் மிகத் தடித்தும் செறிந்தும் அமைந்தவை. மனித எலும்புடன் ஒப்பிட்டால் இவ்வமைப்பின் காரணம் விளங்கும்.

மனித எலும்பு உருவாதலும் புதுப்பித்தலும்

கருவில் நீண்ட எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத் தோன்றுகின்றன. எலும்பாக்கும் உயிரணுக்கள் கொலாசன் இழைகளைச் சுரக்க, அவற்றின்மீது கால்சியம், பாசுபேட்டு உப்புகள் படிந்து இறுகுகின்றன. எலும்பழிக்கும் உயிரணுக்கள் பழைய எலும்பை அமிலத்தாலும் நொதிகளாலும் கரைக்கின்றன. கரைந்த இடத்தில் புதிய எலும்பு படிய ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகும். வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் சுமார் 10% இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. தொடை எலும்பு போன்றவற்றின் நடுவே எலும்பு மச்சைக்கான குழி உண்டாவதும் இவ்வழித்தலாலேயே ஆகும்.

ஆவுளியாவில் காணப்படும் வேறுபாடு

ஆவுளியாவின் விலா எலும்புகளிலும் முன்துடுப்புகளின் நீண்ட எலும்புகளிலும் உட்பகுதி குடையப்படுவதில்லை. வெளிப்புறத்தில் படிதல் தொடர, உட்புறத்தில் அழித்தல் குறைவாக இருப்பதால், அவை மச்சைக் குழியின்றித் திண்மையாகின்றன. மனிதரில் எலும்பழிக்கும் உயிரணுக்கள் செயலிழந்தால் பளிங்கு எலும்பு நோய் உண்டாகிறது. எலும்பு எளிதில் முறியும், மச்சை குறைவதால் குருதிச்சோகையும் ஏற்படும். மனிதருக்கு நோயாகும் நிலையை ஒத்த அமைப்பு, இவ்விலங்குக்குத் தகவமைப்பாக உள்ளது.

பயன்

ஆவுளியா ஆழமற்ற கடலடியில் கடற்புற்களை மேய்கிறது. காற்று நிறைந்த நுரையீரல் உடலை மேலே தூக்கும். கனத்த எலும்புகள் படகின் அடிப்பாரம் போல அதனைச் சமன்செய்கின்றன. ஆகவே அதிக முயற்சியின்றி அது நீரடியில் தங்க முடிகிறது.

பாதுகாப்பு

சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரவேண்டியிருப்பதால், வலையில் சிக்கும் ஆவுளியா மூழ்கி இறக்கிறது. பெண் விலங்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு கன்றையே ஈனுவதால் இழப்பை ஈடுசெய்வது கடினம். முற்காலத்தில் இப்பகுதியில் இது இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது. இன்று இது 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2022 இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கியவற்றை உயிருடன் விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கியுள்ளது.