சுமை இறங்கிய இடம்

பெங்களூரில் 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தண்டு அமைந்த நாள்தொட்டு, சென்னைப் படையுடன் தமிழர் பலர் இங்கே வந்து குடியேறினர். அவருள் கிறிஸ்தவரும் இருந்தனர். தமிழ் வழிபாடு நடக்கும் ஆலயங்கள் இந்நகரில் இன்றும் உள. அயலூரில் வாழ்வோர்க்கு ஆலயஞ் செல்வதும் நல்லொழுக்கம் காப்பதும் குடிப்பெருமையின் அடையாளமாகிவிடுதல் இயல்பு. அவ்வொழுக்கம் மட்டும் மனிதனைப் புதியவனாக்குமா? இவ்வினாவை உட்கொண்ட காவியம் ஒன்று தமிழில் உண்டு.

அதனைப் பாடியவர், 1827இல் நெல்லைச் சீமையிலுள்ள கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடியில் தோன்றிக் கம்பன் கவியில் திளைத்த அவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றார். 1894இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 3,700க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அதன் முதல்நூல், தமிழர் 'மோட்சப் பிரயாணம்' என அறிந்த, ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதை. பன்யன் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. ஆணையை மீறிச் சமயவுரை ஆற்றியமையால் 12 ஆண்டுகள் சிறையிலிருந்தவர்.

பன்யன் கதையில், முதுகிற் சுமையோடு செல்லும் யாத்திரிகனை உலகியல் அறிந்தான் ஒருவன் இடைமறிக்கின்றான். அண்மையிலுள்ள ஒழுக்கம் என்னும் ஊரில், சட்டநெறியார் என்பவர் அச்சுமையை எளிதில் இறக்குவாரென்று வழிகாட்டுகின்றான். யாத்திரிகனும் அவ்வழியே திரும்புகின்றான். இடையில் நின்ற மலையோ தலைமேற் சாய்வதுபோல் அச்சுறுத்துகின்றது. சுமை முன்னிலும் கனக்கின்றது. பின்னர்ச் சிலுவையின் முன்னேதான் அது தானே அவிழ்ந்து வீழ்கின்றது.

ஒழுக்கம் தீதென்பது இதன் கருத்தன்று. புறத்தே திருந்தியவன், தன்னை நல்லவனென்று எண்ணி அகத்தை நோக்காது விடலாம் என்பதே எச்சரிக்கை. ஒழுக்கம் அருளுக்குத் தரும் விலையன்று. அருளால் மாறிய உள்ளம் ஈனும் கனி. இறையருளே தஞ்சமென்று உருகிய ஆழ்வார்களின் தமிழை அறிந்த புலவர்க்கு இக்கருத்து அயலாகத் தோன்றியிராது என எண்ணுகிறோம். அவர் ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயரை ஏற்றார். கிருஷ்ண என்னும் பெயரை விட்டாரல்லர். கம்பனின் விருத்தத்தையும் விட்டாரல்லர். பெயரும் கோலமும் மாறுவதே மனமாற்றமன்று என்பதற்கு இது நல்ல சான்று.

புதிய ஊருக்கேற்ப நாம் கன்னடம் பேசக் கற்கிறோம், நடையுடையை மாற்றிக்கொள்கிறோம். இவை வேண்டுவனவே. ஆயினும், பிறந்த ஊரின் சாதிச் செருக்கைத் தோளில் ஏற்றியே இங்கு வந்து, ஞாயிறுதோறும் தவறாது ஆலயஞ் செல்வாரும் நம்மிடையே உளர். அவர் வந்த தொலைவு பெரிதாயினும், சுமை இன்னும் இறங்கவில்லை.