நாட்டாமை: ஒரு தொழிற்சொல்லின் வர்க்க வரலாறு

தமிழகக் கிராமங்களில் ‘நாட்டாமை’ என்பது ஊர்த் தலைமையைக் குறிக்கும். கொழும்பில், கிராண்ட்பாஸ் பண்டகசாலைகளிலும் புறக்கோட்டைக் கடைகளிலும், அதே சொல் மூட்டை சுமக்கும் தொழிலாளியைச் சுட்டும். ஆள்வோனைக் குறித்த சொல் சுமப்போனைக் குறிக்கலானது எங்ஙனம்?

‘நாட்டாண்மை’ என்பதன் திரிபே நாட்டாமை. சோழர் காலக் கல்வெட்டுகள் கூறும் நாட்டார் பெரும்பாலும் நிலவுடைமையாளராவர். நிலவுடைமைச் சமூகத்தில் பிறந்த இச்சொல், குடியேற்றவாத முதலாளித்துவத்தின் துறைமுக நகரில் புதுப்பொருள் பெற்றது. 1875இல் தொடங்கிய அலைதடுப்பணைப் பணி 1885இல் நிறைவுற, கொழும்பு பெருந்துறைமுகமாயிற்று. தென்னிந்தியத் தொழிலாளர் அங்குத் திரண்டனர். சுமைகாரர் குழுத் தலைவனின் பெயர் நாளடைவில் குழுவினர் அனைவருக்கும் உரியதாயிற்று எனக் கருதுதல் பொருந்தும். ஊதியத்தைக் குறித்த ‘கூலி’ ஊழியனையே குறிக்கலானமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

சிங்களமும் இதனை ‘நாட்டாமி’ என ஏற்றுக்கொண்டது. சிங்களத் தொழிலாளரும் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். ஆகவே இஃது இனப்பெயரன்று, உழைப்பின் பெயர். எனினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் உழைப்பை நோக்கவில்லை, வம்சாவளியை நோக்கிற்று. நாட்டை ஆளும் உரிமையைக் குறித்த சொல்லைப் பெயராகத் தாங்கியோருட் பலர் நாடற்றோராயினர். அந்நிலையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. சொல்லாய்வு அகராதியோடு நின்றுவிடின் இவ்வரலாறு புலப்படாது.