சக்கர நாற்காலிக்கு ஏற்ற வாடகை ஊர்திகள் (சென்னை)

சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியோ, அதிலிருந்து சிரமமின்றி இருக்கைக்கு மாறியோ செல்லத்தக்க கால் டாக்சி, வேன், ஆட்டோ ஆகியவற்றை இத்தலைப்பு குறிக்கும். சென்னையில் இதன் வரலாறு பேருந்துக்கான நீண்ட வழக்கோடு பின்னிக் கிடக்கிறது. அதில் கோட்டூர்புரத்துக்குத் தனி இடம் உண்டு.

தொடக்கம்

அம்பாசடர் டாக்சிகளின் காலத்தில் பயணியைத் தூக்கி உட்காரவைப்பதே வழக்கம். லண்டனில் 1987-இல் வந்த மெட்ரோகேப், சக்கர நாற்காலியை ஏற்றும்படி அமைந்த முதல் டாக்சி எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. 2000 ஜனவரி முதல் அந்நகரின் கறுப்பு டாக்சிகள் அனைத்துக்கும் இவ்வசதி கட்டாயமானது. இந்தியாவின் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ரயில் பெட்டி, பேருந்து, கப்பல், விமானம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அந்த வரிசையில் டாக்சி இல்லை.

பேருந்து வழக்கு

பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய நிறுவனம், பின்னர் வித்யா சாகர் எனப் பெயர் பெற்றுக் கோட்டூர்புரத்தில் இயங்கிவருகிறது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சியோடு உரிமைப் பணியையும் அது சேர்த்துக்கொண்டது. அங்கு சட்டப் பிரிவில் பணியாற்றிய ராஜீவ் ராஜன், பொதுப் பேருந்துகளை அனைவரும் ஏறத்தக்கவையாக மாற்றக் கோரி 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்.

வழக்கின் மையம் தளத்தின் உயரம். வழக்கமான பேருந்தின் தளம் சாலையிலிருந்து சுமார் 900 மி.மீ. உயரத்தில் இருக்கும், தாழ்தளப் பேருந்தில் அது சுமார் 400 மி.மீ. மழைநீர் தேங்கும் சாலைகளுக்கும் வேகத்தடைகளுக்கும் தாழ்தளம் ஒத்துவராது, விலையும் கூடுதல் என்பது அரசுத் தரப்பின் வாதம். பழுது சாலையில் இருந்தால் சாலையைச் செப்பனிட வேண்டும் என்றனர் மாற்றுத்திறனாளி அமைப்பினர். உயரமான பேருந்தில் லிஃப்ட் பொருத்தினால் போதுமா என்பதிலும் கருத்து வேறுபாடு நீடித்தது. 2022-இல் புதிய பேருந்துகளுக்கான டெண்டரை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் நீதிமன்றம் சென்றார். 2024 ஆகஸ்டில் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 58 புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் இவை பயணி ஏறும் பக்கமாக மெல்லத் தாழ்ந்துகொடுக்கும். கதவருகே சாய்தளம் விரியும். பிறர் கைகளில் தூக்கப்பட்டே பேருந்தேறியவர்களுக்கு இது சிறிய மாற்றமன்று. 2025 ஜூனில் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் சேர்ந்தன.

வாடகைக் கார்கள்

பெங்களூருவில் 2013-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 2017-இல் ஊபர் அதனுடன் இணைந்து அந்நகரில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற கார் சேவையை அறிமுகப்படுத்தியது. மும்பையில் ஈஸிமூவ் என்ற இத்தகைய நிறுவனம் தோன்றியது.

சாதாரணக் கார்களில் முதல் தடை டிக்கி. சி.என்.ஜி. சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொண்டால் மடக்கிய நாற்காலிக்கு இடமிராது. மின்கலம் பொருத்திய நாற்காலிகள் பல மடங்குவதே இல்லை. தீர்வுகள் இருவகை: வெளிப்புறமாகத் திரும்பும் இருக்கை, பின்கதவில் சாய்தளம். முன்னதில் பயணி நாற்காலியை விட்டு மாறியாக வேண்டும் என்பதால், அதை முழுமையான வசதியாகக் கொள்ளலாமா என்பது விவாதத்துக்குரியது. பின்னதில் நாற்காலியை நான்கு மூலைகளிலும் பட்டைகளால் தரையோடு பிணைத்து, பயணிக்குத் தனியே பெல்ட் மாட்டுவது முறை. இதற்கு ஓட்டுநரின் பயிற்சியும் பொறுமையும் தேவை.

கோட்டூர்புரத்தை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி. வேறொரு வழியைக் காட்டியது. அங்கு உருவாகி 2021-இல் அறிமுகமான நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்புறம் இணைந்து அதையே மின்வண்டியாக்குகிறது. ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 25 கி.மீ. வரை செல்லலாம்.

இன்றைய நிலை

2017-இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு எல்லா வகைப் போக்குவரத்தையும் உள்ளடக்குகிறது. ஆயினும் தொழில்நுட்பச் சாத்தியம், பொருளாதார வலு ஆகிய வரையறைகளையும் சேர்த்தே சொல்கிறது. தாழ்தளப் பேருந்து நிறுத்தம்வரைதான் வரும். வீட்டு வாசலுக்கும் நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட தூரம் வாடகை ஊர்தியின் பொறுப்பு. லண்டனைப் போல உரிமம் வழங்கும்போதே இவ்வசதியை நிபந்தனையாக்கினாலன்றி அத்தூரம் குறையாது.