பல் பிடுங்கும் முன் ஒரு டோஸ்: இதய வால்வு மாற்றியவர்கள் என்ன கவனிக்கணும்?

இதய வால்வு மாற்றியவர் பல் பிடுங்கப் போனால், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ஒரே ஒரு டோஸ்தான். ஆனா அது எந்த மருந்து என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கு.

எதுக்கு இந்த மருந்து?

பல் பிடுங்கும்போது வாயிலுள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும். அது செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டால் 'எண்டோகார்டைடிஸ்' என்ற தொற்று வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

எல்லா இதய நோயாளிகளுக்கும் வேணுமா?

இல்லை. அமெரிக்க இதய சங்கம் 2007-ல் பட்டியலைச் சுருக்கியது. செயற்கை வால்வு உள்ளவர்கள், ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறுகள் உள்ளவர்கள், மாற்று இதயம் பொருத்தி வால்வு பழுதானவர்கள் மட்டும்தான். பைபாஸ், ஸ்டென்ட் மட்டும் என்றால் தேவையில்லை.

பக்கவிளைவு எவ்வளவு?

வழக்கமான மருந்து அமாக்சிசிலின். பெரியவர்களுக்கு 2 கிராம், 30 முதல் 60 நிமிடம் முன்பு. பென்சிலின் அலர்ஜி என்றால் பல ஆண்டுகளாக கிளிண்டாமைசின் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் பதிவான பக்கவிளைவுகளை 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

10 லட்சம் மருந்துச் சீட்டுகளுக்கு:
• அமாக்சிசிலின்: மரணம் 0, மற்ற பாதிப்புகள் சுமார் 23
• கிளிண்டாமைசின்: மரணம் 13, மற்ற பாதிப்புகள் 149

கிளிண்டாமைசின் பாதிப்புகளில் பெரும்பாலானவை 'சி. டிஃபிசில்' என்ற குடல் தொற்று. பாதுகாப்பு என்று கொடுத்த மாற்று மருந்தே அதிக ஆபத்தாக இருந்தது. 2021-ல் அமெரிக்க இதய சங்கம் அதைக் கைவிட்டது. இப்போது அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவை மாற்று.

'எனக்கு பென்சிலின் அலர்ஜி' என்பவர்கள்?

இப்படிச் சொல்பவர்களைப் பரிசோதித்தால், 10-ல் சுமார் 9 பேருக்கு அலர்ஜி இருப்பதில்லை. சின்ன வயசில் மாத்திரை சாப்பிட்டு வயிறு கலங்கியது அலர்ஜி ஆகாது. உடனே தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் அது வேறு விஷயம். எது நடந்தது என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லி, பரிசோதனை கேளுங்க. வீட்டிலேயே மாத்திரை போட்டுப் பார்க்கக் கூடாது.

ருமாட்டிக் காய்ச்சலுக்கு பென்சிலின் ஊசி போடுபவர்கள்?

அந்த ஊசி இந்த டோஸுக்கு ஈடாகாது. வாயிலுள்ள பாக்டீரியா பென்சிலினுக்குப் பழகியிருக்கலாம் என்பதால், வேறு வகை மருந்து தரச் சொல்கின்றன வழிகாட்டுதல்கள். அதனால் ஊசி போடுவதைப் பல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லணும்.