அகத்தகன எஞ்சினின் வெளிவாயில்: வெளியேற்று வால்வின் ஆரம்ப வரலாறு

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அகத்தகன எஞ்சினைப் பொறுத்தவரையிலும் இதுவே நிலைமை. லெனுவார், ஒட்டோ, டெயிம்லர், பென்ஸ் என்னும் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்படுகின்றன. எரிபொருள் எவ்வாறு உட்செலுத்தப்பட்டது, எவ்வாறு தீமூட்டப்பட்டது என்பன விரிவாக ஆராயப்படுகின்றன. எரிந்து முடிந்த வாயு எவ்வாறு வெளியேற்றப்பட்டது என்னும் வினாவோ ஓரிரு வரிகளுடன் கைவிடப்படுகின்றது. ஆயினும், ஓர் இயந்திரத்தின் வளர்ச்சியை நிர்ணயிப்பது அதன் மிகச் சிறந்த உறுப்பன்று. மிகுந்த தாக்கத்துக்கு உள்ளாகும் உறுப்பே அதன் எல்லையை வகுக்கின்றது. இவ்வுண்மையை அகத்தகன எஞ்சினின் வெளியேற்று வால்வு தெளிவாக உணர்த்துகின்றது. 1860ஆம் ஆண்டு முதல் 1920களின் இறுதிவரை அவ்வெஞ்சின் அடைந்த மாற்றங்களை இச்சிறு உறுப்பை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீராவி எஞ்சினில் எரிதல் கொதிகலனின் கீழே நிகழ்கின்றது. உருளைக்குள் வருவது நீராவி மட்டுமே. அந்த நீராவியை உள்ளே விடுவதற்கும் வெளியே விடுவதற்கும் வழுக்கு வால்வு எனப்படும் தட்டையான தகடு பயன்பட்டது. அது மட்டமான முகப்பின்மீது முன்னும் பின்னும் வழுக்கிச் சென்று துவாரங்களைத் திறந்து மூடும். வழுக்குமிடத்தில் எண்ணெய் இடப்பட்டிருந்தது. நீராவியின் வெப்பத்தை அந்த எண்ணெய் தாங்கிக்கொண்டது. இதனால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில் எஞ்சின் அமைப்போர் நீராவியைக் கையாளும் கலையில் ஆழ்ந்த தேர்ச்சி பெற்றிருந்தனர். அகத்தகன எஞ்சினை உருவாக்க முனைந்தோர் இத்தேர்ச்சியையே தமது முதலாகக் கொண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பரிசில் வாழ்ந்த எத்தியன் லெனுவார் 1860ஆம் ஆண்டில் தமது வாயு எஞ்சினுக்கு ஆக்கவுரிமை பெற்றார். தோற்றத்தில் அது கிடைநிலை நீராவி எஞ்சின் ஒன்றையே ஒத்திருந்தது. நிலக்கரி வாயுவும் வளியும் கலந்த கலவை மின்பொறியால் எரியூட்டப்பட்டது. அக்கலவையை உள்ளே விட ஒரு வழுக்கு வால்வும், எரிந்த வாயுவை வெளியே விட மற்றொரு வழுக்கு வால்வும் அமைக்கப்பட்டிருந்தன. இங்கேதான் பழைய தேர்ச்சி புதிய இயந்திரத்துக்குப் பொருந்தாமற் போயிற்று. வெளியேறியது நீராவியன்று, சற்று முன்னர் எரிந்த நெருப்பின் எச்சமாகும். அதன் வெப்பத்தில் எண்ணெய் கருகியது, தகடு நெளிந்தது, மட்டமான முகப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வாயு கசிந்தது. லெனுவாரின் எஞ்சின் பெருமளவு வாயுவையும் எண்ணெயையும் குளிர்நீரையும் உட்கொண்டது என்ற குறைபாட்டுக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் நீராவிக்காக அமைந்த வாயில் நெருப்புக்கு உதவாது என்னும் பாடத்தை அது முதன்முதலிற் புகட்டியது.

இப்பாடத்தை ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்டதே நிக்கொலாஸ் ஒட்டோவின் நான்கடிப்பு எஞ்சின். கொலோன் நகருக்கு எதிரேயுள்ள டொயிற்ஸ் என்னுமிடத்தில் அமைந்த தொழிற்சாலையில் அது 1876ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. முசலத்தின் முதலாம் அசைவிற் கலவை உள்ளெடுக்கப்படும், இரண்டாவதில் நெருக்கப்படும், மூன்றாவதில் எரிந்து விரிந்து வேலை செய்யும், நான்காவதில் எரிந்த வாயு வெளியே தள்ளப்படும். இவ்வெஞ்சினில் உள்ளெடுப்பதற்கும் தீமூட்டுவதற்கும் பழைய வழுக்கு வால்வே தொடர்ந்தும் பயன்பட்டது. வெளிவாயிலில் மட்டும் காளான் வடிவிலான வால்வு ஒன்று வைக்கப்பட்டது. வட்டமான தலையும் நீண்ட தண்டும் கொண்ட அவ்வால்வு, சரிந்த விளிம்புள்ள இருக்கையொன்றில் அமர்ந்து துவாரத்தை மூடியது. பத்தாண்டுகளின் பின்னர், 1886இல், கார்ல் பென்ஸ் ஆக்கவுரிமை கோரிய மூன்று சில்லு வண்டியின் எஞ்சினிலும் இதே நிலைமையைக் காணலாம். அங்கும் உள்வாயிலில் வழுக்கியும் வெளிவாயிலிற் காளான் வடிவ வால்வும் இருந்தன. உள்வாயிலில் மரபு நீடித்தபோது வெளிவாயிலில் அது முதலிலேயே கைவிடப்பட்டது. மாற்றத்தை வேண்டியது கண்டுபிடிப்பாளரின் விருப்பமன்று, நெருப்பின் இயல்பே எனலாம்.

காளான் வடிவ வால்வின் சிறப்பு எளிதில் விளங்கத்தக்கது. அது வழுக்குவதில்லை, எனவே முகப்பில் எண்ணெய் வேண்டியதில்லை. உருளையினுள் அமுக்கம் கூடுந்தோறும் அவ்வமுக்கமே வால்வை அதன் இருக்கையில் இறுக அமர்த்துகின்றது. ஆனால் இதே சிறப்பு மற்றொரு சிக்கலுக்கும் இடமளித்தது. வேலை அடிப்பின் இறுதியிலும் உருளையினுள் அமுக்கம் எஞ்சியிருக்கும். அவ்வமுக்கத்துக்கு எதிராக வால்வைத் திறக்க வேண்டுமாயின் வெளியிலிருந்து வலிமையான உந்துதல் அவசியமாகும். உள்வாயில் வால்வின் நிலை வேறு. முசலம் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே மெல்லிய வில்லினால் மூடப்பட்ட வால்வைத் திறக்கப் போதுமானது. இதன் விளைவாக, பின்வந்த எஞ்சின்கள் பலவற்றில் உள்வாயில் தானாகத் திறந்தது. வெளிவாயில் மட்டுமே பொறிமுறையால் இயக்கப்பட்டது.

அப்பொறிமுறையும் புதிதாகச் சிந்திக்கப்பட வேண்டியதாயிற்று. நான்கு அடிப்புகளுக்குப் பிரதான தண்டு இரு முறை சுழல்கின்றது. வெளியேற்று வால்வோ ஒரு முறை மட்டுமே திறக்க வேண்டும். ஆகவே ஒட்டோவின் எஞ்சினிற் பற்சில்லுகளால் அரைவேகத்திற் சுழலும் பக்கத் தண்டு ஒன்று உருளையின் நீளத்துக்கு அமைக்கப்பட்டது. அதன்மீது ஒருபுறம் புடைத்த சில்லு பொருத்தப்பட்டிருந்தது. அப்புடைப்பு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் வால்வைத் திறந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 சுற்றுச் சுழன்ற அவ்வெஞ்சினில் வால்வு நிமிடத்துக்கு 90 முறை திறந்தது. வாயு வெளியேறுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு செக்கனின் ஆறிலொரு பங்கு கிடைத்தது. பின்னர் வந்த வேகங்களுடன் ஒப்பிடுகையில் இது தாராளமான அவகாசமாகும்.

இவ்வெஞ்சின் எத்தகைய சமூகத் தேவையை நிறைவு செய்தது என்பதும் நோக்கத்தக்கது. நீராவி எஞ்சின் பெருந்தொழிற்சாலைக்குரியது. கொதிகலனும் புகைபோக்கியும் நிலக்கரிக் குவியலும் இடைவிடாது கவனிக்கும் பணியாளும் அதற்கு வேண்டியிருந்தன. சிறு பட்டறை உரிமையாளருக்கு இது எட்டாக்கனி. ஜேர்மன் பொறியியலறிஞரான பிரான்ஸ் றொய்லோ, சிறு எஞ்சின்கள் கைவினைஞரைப் பெருமுதலின் ஆதிக்கத்திலிருந்து காக்கும் என்னும் கருத்தை 1875இல் வெளிவந்த தமது இயக்கவியல் நூலில் முன்வைத்தார். 1867ஆம் ஆண்டுப் பரிஸ் கண்காட்சியில் ஒட்டோவினதும் லாங்கனதும் முந்திய எஞ்சினுக்குப் பொற்பதக்கம் கிடைப்பதற்கு ஆதரவாக நின்றவரும் அவரே. இந்த எதிர்பார்ப்பு நிறைவேற வேண்டுமாயின் எஞ்சின் தன்னைத் தானே கட்டுப்படுத்தல் வேண்டும். அதன் அருகே நின்று வேகத்தைக் கவனிக்க ஆள் தேவைப்படலாகாது. இங்குதான் வெளியேற்று வால்வு எதிர்பாராத ஒரு பணியை ஏற்றது.

டொயிற்ஸ் தொழிற்சாலையிற் பணியாற்றிய கொட்லீப் டெயிம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் அதிலிருந்து விலகிக் கான்ஸ்ரற் நகரிலே தமது ஆய்வைத் தொடர்ந்தனர். 1883 டிசெம்பரில் அவர்கள் பெற்ற ஆக்கவுரிமைகள் இரண்டு. ஒன்று, செஞ்சூடாக்கப்பட்ட குழாயினால் தீமூட்டும் முறை பற்றியது. மற்றையது, வெளியேற்று வால்வின் வாயிலாக எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை பற்றியது. முதலாவது ஆக்கவுரிமை பரவலாக அறியப்பட்டது; இரண்டாவது அத்துணை அறியப்படவில்லை. ஆயினும் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும்போதே அவ்வெஞ்சினின் தத்துவம் புலனாகும். உள்வாயில் உறிஞ்சலால் தானே திறந்தது. நெருக்கப்பட்ட கலவை சூடான குழாயினுட் புகுந்து தானே தீப்பற்றியது. ஆகவே பொறிமுறையின் ஆணைக்குட்பட்டிருந்த வாயில் வெளியேற்று வால்வு ஒன்றே. அதனை ஆள்பவர் எஞ்சினை ஆண்டனர்.

அதனை இயக்குவதற்கு அவர்கள் பற்சில்லுகளைக் கைவிட்டு வளைவுத் தவாளிப்பு ஒன்றைக் கையாண்டனர். சுழலும் வட்டத்தின் முகப்பில் இரு வளையங்களாகத் தன்னைத் தானே குறுக்கிட்டுச் செல்லும் தவாளிப்பு வெட்டப்பட்டது. அதனுள் ஓடிய சிறு துண்டு முதற் சுற்றில் ஒரு வளையத்திலும் அடுத்த சுற்றில் மற்றைய வளையத்திலும் சென்றது. இதனால் இரு சுற்றுகளுக்கு ஒரு முறை மட்டுமே தண்டு உயர்ந்து வால்வைத் திறந்தது. வேகம் அளவுக்கு மிஞ்சியபோது வேகச்சீராக்கி அத்தண்டை வால்வுடன் சேரவிடாது விலக்கியது. வால்வு திறவாதுவிட எரிந்த வாயு உருளையிலேயே தங்கியது. அதன் அமுக்கம் காரணமாக உள்வாயிலும் திறக்கவில்லை. புதிய கலவை வராமையால் வேகம் குறைந்தது. பிற்காலத்தில் வயல்களிலும் பட்டறைகளிலும் பயன்பட்ட நிலையான எஞ்சின்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறான முறை கையாளப்பட்டது. அங்கு வேகம் கூடும்போது வெளியேற்று வால்வு மூடவிடாது தடுக்கப்பட்டது. உருளையில் உறிஞ்சல் உண்டாகாமையால் எரிபொருள் உள்ளே வரவில்லை. பறப்புச்சில்லின் உந்தத்தால் மட்டும் எஞ்சின் சுழன்றது. ஒரு முறையில் வாயில் திறவாது விடப்பட்டது. மற்றையதில் மூடாது விடப்பட்டது. இரண்டிலும் வெளிவாயிலே உள்வாயிலுக்கு ஆணையிட்டது.

இந்நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1885ஆம் ஆண்டளவில் டெயிம்லரின் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுகளை எட்டியது. 1895இற் பிரான்சில் டி டியோன், பூத்தோன் ஆகியோர் அமைத்த சிறிய எஞ்சின் 1500 சுற்றுகளைத் தாண்டியது. 1500 சுற்றில் வாயு வெளியேறக் கிடைக்கும் அவகாசம் ஒரு செக்கனின் ஐம்பதிலொரு பங்கேயாகும். இத்தகைய வேகத்தில் உறிஞ்சலால் திறக்கும் உள்வாயில் தாமதித்தது. மைபாக் வடிவமைத்து 1901இல் வெளிவந்த மேர்சிடிஸ் வண்டியின் 35 பரிவலு எஞ்சினில் உள்வாயில் வால்வுகளும் புடைப்புத் தண்டினால் இயக்கப்பட்டன. எஞ்சினின் வேகம் உட்செல்லும் கலவையின் அளவால் ஆளப்படும் முறை நிலைபெற்றது. வெளிவாயிலின் ஆட்சி இவ்வாறு முடிவுற்றது. ஆனால் வாயுவை விரைவில் அகற்றும் தேவை முன்னரிலும் கூடியது. அதனால் முசலம் அடிமட்டத்தை அடையுமுன்பே வெளியேற்று வால்வைத் திறக்கும் வழக்கம் வலுப்பெற்றது. அடிப்பின் கடைசிப் பகுதியிற் கிடைக்கும் சிறிதளவு வேலையை இழந்தால், வாயு தன் அமுக்கத்தாலேயே பாய்ந்து வெளியேறும். முசலம் அதனைத் தள்ளச் செலவிடும் ஆற்றல் மீதமாகும்.

வெளியேற்று வால்வுக்கு மீண்டும் ஒரு முறை தனிமுதன்மை அளித்தது பிரான்சின் நோம் நிறுவனமாகும். அந்நிறுவனத்தின் விமான எஞ்சினில் உருளைகளே சுழன்றன; பிரதான தண்டு அசையாது நின்றது. ஆரம்ப எஞ்சின்களில் உள்வாயில் வால்வு முசலத்தின் தலையில் அமைந்திருந்தது. அதனைப் பேணுதல் பெருந்தொல்லையாயிற்று. 1913இல் அறிமுகமான ‘மொனோசூப்பாப்’ எஞ்சினில் அவ்வால்வு முற்றாக நீக்கப்பட்டது. ‘ஒற்றை வால்வு’ என்பதே அப்பெயரின் பொருள். எரிந்த வாயு வெளியேறிய பின்னரும் அவ்வால்வு சிறிது நேரம் திறந்திருக்க, அதே வழியால் தூய வளி உள்ளே வந்தது. வால்வு மூடியபின் முசலம் மேலும் இறங்கி உருளையின் அடியிலுள்ள துவாரங்களை வெளிப்படுத்த, எரிபொருள் செறிந்த கலவை அவற்றினூடே புகுந்தது. முதலாம் உலகப் போரில் பறந்த விமானங்கள் சில இவ்வெஞ்சினையே நம்பியிருந்தன.

இக்காலத்தில் வெளியேற்று வால்வின் சிக்கல் பொறிமுறையிலிருந்து பொருளுக்கு மாறியது. உள்வாயில் வால்வைக் குளிர்ந்த கலவை ஒவ்வொரு முறையும் தழுவிச் செல்கின்றது. வெளியேற்று வால்வைத் தழுவுவதோ எரிவாயு மட்டுமே. கடும் உழைப்பில் அதன் தலை 700 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறிச் செந்நிறமாக ஒளிரும். அவ்வெப்பம் இருக்கையினூடாகவும் தண்டினூடாகவுமே வெளியேற வேண்டும். இருக்கையிற் சிறு பிளவு ஏற்பட்டாலும் அதனூடே தீ பாய்ந்து விளிம்பை அரித்துவிடும். மேலும், செஞ்சூடான தலை பொறி தோன்றுமுன்னரே கலவையை எரித்து எஞ்சினைக் குலைக்கவும் கூடும். சாதாரண காபன் உருக்கு இதனைத் தாங்கவில்லை. தங்குதன் கலந்த உருக்கும், பின்னர் சிலிக்கனும் குரோமியமும் கலந்த உருக்கும், நிக்கலும் குரோமியமும் மிகுந்த உருக்கும் முறையே பயன்பாட்டுக்கு வந்தன.

மிகச் சிறந்த தீர்வு சாமுவேல் ஹெரன் என்பவரின் முயற்சியாற் கிடைத்தது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பான்பரோவில் வளியாற் குளிர்விக்கப்படும் உருளைகளை ஆராய்ந்த அவர், 1921இல் அமெரிக்கா சென்றார். அங்கு வால்வின் தண்டைக் குடைந்து அதனுள் திரவமொன்றை அடைக்கும் முறையை வளர்த்தார். இரசம் முதலிற் சோதிக்கப்பட்டது, பின்னர் உருகும் உப்புகள், இறுதியிற் சோடியம். 98 பாகை செல்சியசளவில் உருகும் சோடியம் குழியைப் பகுதியளவே நிரப்பியது. வால்வு மேலும் கீழும் அசையும்போது உருகிய சோடியம் குலுங்கித் தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கொண்டு சென்றது. 1927 மே மாதத்தில் சார்ள்ஸ் லிண்ட்பேர்க் நியூயோர்க்கிலிருந்து பரிசுக்கு ஏறத்தாழ 33½ மணிநேரம் இடைவிடாது பறந்தார். அவ்விமானத்தின் றைற் எஞ்சினில் ஹெரனின் உருளை அமைப்பும், உட்புறம் குளிர்விக்கப்பட்ட வெளியேற்று வால்வுகளும் இடம்பெற்றிருந்தன. அப்பறத்தலின் புகழ் விமானிக்கே சென்றது. அவ்வளவு நேரமும் நெருப்பினுள் நின்று திறந்து மூடிய வால்வுகளை உலகம் அறியவில்லை.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அகத்தகன எஞ்சின் தனியொருவரின் மேதையால் ஒரே நாளில் தோன்றியதன்று. லெனுவாரின் கருகிய தகடு, ஒட்டோவின் காளான் வால்வு, டெயிம்லரின் தவாளிப்பு, ஹெரனின் சோடியம் ஆகிய ஒவ்வொன்றும் முந்தியதன் தோல்வி எழுப்பிய வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையாகும். இரண்டாவது, தொழில்நுட்பம் தன்னை வரவேற்றோரின் எதிர்பார்ப்புக்குக் கட்டுப்படுவதில்லை. சிறு பட்டறையைக் காக்கும் என றொய்லோ நம்பிய எஞ்சின் அப்பட்டறைகளுக்கு உதவியது உண்மையே. ஆயின் அதே எஞ்சின் 1913இல் ஹென்றி போர்ட்டின் நகரும் ஒருங்கிணைப்பு வரிசைக்கும், அடுத்த ஆண்டு தொடங்கிய போரின் விமானங்களுக்கும் உயிரளித்தது. எதனை உட்கொள்ளலாம் என்பதிலேயே மனிதர் ஆரம்பத்திற் பெரிதும் கருத்தூன்றினர். எதனை, எவ்வாறு, எவ்வளவு விரைவாக வெளியேற்றுவது என்னும் வினாவே இயந்திரத்தின் ஆயுளையும் வேகத்தையும் நிர்ணயித்தது. வாயிலைக் கடந்து காற்றிற் கலந்த புகையைப் பற்றிய வினாவோ அக்காலத்தோரால் போதிய அளவு கேட்கப்படவில்லை. அது பிற்காலத் தலைமுறைகளுக்குக் கடனாக விடப்பட்டது.