அப்ருவாக் ஆறும் நம்மூர்க் கூலிகளும்

அமேசான் மழைக்காடு வடகிழக்கே பிரெஞ்சு கயானா வரை படர்ந்திருக்கிறது. ரா.கி.ரங்கராஜன் தமிழில் தந்த ‘பட்டாம்பூச்சி’ படித்தவர்களுக்கு அந்த நாடு புதிதல்ல. அங்கே சுற்றுலா போனால் அந்தக் கைதித் தீவுகளையும் கூருவின் ராக்கெட் தளத்தையும் காட்டுவார்கள். நான் பார்க்கச் சொல்வது கயேனுக்குத் தென்கிழக்கே, ரெஜினா ஊரை ஒட்டி ஓடும் அப்ருவாக் ஆற்றை.

1855இல் அந்த ஆற்றுப் பக்கத்துக் காட்டில் தங்கம் கிடைத்தது. அடிமைமுறை 1848இலேயே ஒழிந்துவிட்டதால் வேலைக்கு ஆள் பஞ்சம். 1856இல் நம் புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்ற ஆரம்பித்தார்கள்; பிறகு காரைக்காலிலிருந்தும். இருபது வருஷத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கரும்புத் தோட்டத்துக்குச் சிலர், தங்கம் அரிக்கச் சிலர். இடுப்பளவுச் சேற்றில் வேலை, காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு. கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பள்ளியில் நாங்கள் அமேசானின் கிளையாறுகளைப் பிரெஞ்சில் வரிசையாக ஒப்பிப்போம். இந்தச் சேதி ஒரு வரிகூடப் பாடத்தில் இல்லை.

போனவர்களில் பலர் ஆங்கிலேயர் சீமையைச் சேர்ந்த குடிகள். அதனால் சாவுக் கணக்கைப் பார்த்து 1876இல் ஆங்கில அரசு கயானாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தது. தங்கள் சொந்தத் தோட்டங்களுக்கு அனுப்புவதை மட்டும் 1917 வரை நிறுத்தவில்லை.