மிருசுவில் வழக்கு: படையினர் குற்றமும் குடிமை நீதிமன்றமும் (2000–2020)

ஆய்வுச் சுருக்கம்

போர்க்காலத்தில் படைவீரர் பொதுமக்களைக் கொன்றால் அவரை விசாரிக்க வேண்டியது இராணுவ நீதிமன்றமா, குடிமை நீதிமன்றமா என்பதே இராணுவ நீதி பற்றிய விவாதங்களில் முதன்மை பெறும் வினாவாகும். இலங்கையின் மிருசுவில் வழக்கை குமாரபுரம், மயிலந்தனை வழக்குகளோடும் இந்தியச் சட்ட நடைமுறையோடும் ஒப்பிடும் இக்கட்டுரை, மன்றத்தின் வகையைக் காட்டிலும் முதல் சில நாட்களில் உருவாகும் பதிவும், விசாரணை நிகழும் இடமும், தீர்ப்புக்குப் பிந்தைய ஆட்சியதிகாரமுமே முடிவைத் தீர்மானித்தன என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மிருசுவில், குமாரபுரம், இராணுவ நீதி, ஜூரி, பொதுமன்னிப்பு.

முன்னுரை

யாழ்ப்பாணத் தென்மராட்சியில், கொடிகாமத்தை அடுத்து ஏ9 சாலையை ஒட்டி அமைந்த ஊர் மிருசுவில். 2000ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து மூண்ட சண்டையில் இவ்வட்டாரத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். வடமராட்சிப் பக்கம் தங்கியிருந்த சிலர், விட்டுவந்த வீடுகளையும் பொருட்களையும் பார்க்க அவ்வாண்டு டிசம்பரில் ஊர் திரும்பினர். அவர்களுள் எட்டுப் பேர் படையினரால் பிடிக்கப்பட்டுக் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். ஐந்து வயதுக் குழந்தை ஒன்றும் பதின்பருவத்தினர் மூவரும் அவர்களுள் அடங்குவர். பிடிபட்ட ஒருவர் காயங்களோடு தப்பினார்.

இவ்வழக்கில் 2015 ஜூன் 25 அன்று படைப்பிரிவுச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அதனை உறுதி செய்தது. 2020 மார்ச் 26 அன்று ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். தீர்ப்புக்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. தீர்ப்பு உறுதியாகி விடுதலை வாய்ப்பதற்கு ஓராண்டும் தேவைப்படவில்லை.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் இன்றியமையாதது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்பது மாநில அளவிலான மன்றம். இலங்கைத் தமிழில் அதே சொல் நாட்டின் தலைமை மன்றத்தைக் குறிக்கும். குழப்பம் தவிர்க்க, இக்கட்டுரையில் தலைமை மன்றம் உச்ச நீதிமன்றம் எனவும் அதற்குக் கீழான விசாரணை மன்றம் மேல் நீதிமன்றம் எனவும் வழங்கப்படுகின்றன.

சட்டத்தின் இரு கதவுகள்

இந்திய இராணுவச் சட்டம் (1950), படைவீரர் ஒருவர் குடிமகனைக் கொன்றால் அவரை இராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாகாது என 70ஆம் பிரிவில் விதிக்கிறது. அப்பிரிவே மூன்று விலக்குகளையும் தருகிறது. வீரர் செயற்களப் பணியில் இருந்தாலோ, இந்தியாவுக்கு வெளியே இருந்தாலோ, அறிவிக்கப்பட்ட எல்லை நிலையில் இருந்தாலோ இராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம். செயற்களப் பணி என அறிவிக்கும் அதிகாரம் மைய அரசிடம் உள்ளது. எனவே, குடிமக்கள் மிகுதியாகக் கொல்லப்படும் சூழல்களிலேயே விதி ஒதுங்கி விலக்கு ஆட்சி செய்கிறது. இரு மன்றங்களுக்கும் அதிகாரம் இருக்குமிடத்து எங்கு விசாரிப்பது என்பதை 125ஆம் பிரிவு படைத் தலைமையின் விருப்பத்துக்கு விடுகிறது. குற்றவியல் நீதிமன்றம் மாறுபட்டால் 126ஆம் பிரிவின்படி இறுதிச் சொல் மைய அரசினுடையது.

இவ்வேற்பாட்டின் விளைவைப் பத்ரிபால் நிகழ்வு தெளிவாகக் காட்டும். 2000 மார்ச்சில் காஷ்மீரின் அனந்தநாக் மாவட்டத்தில் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டு, அயல்நாட்டுத் தீவிரவாதிகள் என அறிவிக்கப்பட்டனர். மையப் புலனாய்வுத் துறை அவர்கள் உள்ளூர்க் குடிமக்கள் எனக் கண்டறிந்து படை அதிகாரிகள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இராணுவத்துக்கு வழங்கியது. இராணுவம் வழக்கைத் தன்வசம் எடுத்துக்கொண்டு, 2014 ஜனவரியில் போதிய சான்று இல்லையென முடித்துவைத்தது. தன் வீரரைத் தானே விசாரிக்கும் அமைப்பின் மீதான ஐயத்துக்கு இதனினும் வலுவான சான்று தேட வேண்டியதில்லை.

ஈழத்தமிழர் வரலாற்றில் இவ்வினா இந்தியப் படையோடும் தொடர்புடையது. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் என ஏறத்தாழ எழுபது பேர் கொல்லப்பட்டனர். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். படை இந்தியாவுக்கு வெளியே இருந்தமையால் 70ஆம் பிரிவின் விலக்கு நேரடியாகப் பொருந்தியது. இராணுவ நீதிமன்றத்தைக் கூட்டச் சட்டத் தடை ஏதுமில்லை. 1987 ஜூலை உடன்படிக்கையின் இணைப்பு அமைதி காக்கும் படையை அழைக்க வழிசெய்ததேயன்றி, அப்படையினர் புரியும் குற்றத்துக்கு மன்றம் எதுவெனக் கூறவில்லை. கதவு இருந்தும் திறக்கப்படாத நிலை இது.

இலங்கையின் குடிமை நீதிமன்ற மரபு

இலங்கையின் நிலை வேறு. அந்நாட்டிலும் இராணுவ நீதிமன்றங்கள் உண்டெனினும், இங்கு ஆராயப்படும் வழக்குகள் யாவும் குடிமை நீதிமன்றங்களுக்கே சென்றன. இம்மரபுக்கு 1971 கிளர்ச்சிக்காலத்து வழக்கொன்று முன்னோடியாகும். கதிர்காமத்தில் பிரேமாவதி மனம்பேரி என்னும் சிங்கள இளம்பெண் படையினரின் காவலில் கொல்லப்பட்டார். கிளர்ச்சிச் சூழல், மேலதிகாரியின் கட்டளை ஆகிய எதிர்வாதங்கள் எடுபடவில்லை; லெப்டினன்ட் விஜேசூரியவுக்குப் பதினாறு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பிடிபட்டுக் கையறுநிலையில் இருப்பவரைக் கொல்ல அவசரநிலை உரிமம் தராது என்ற கோட்பாடு இலங்கைச் சட்டத்தில் அன்றே வேரூன்றியது. ஆகவே 1990களில் தமிழர் கொலை வழக்குகள் தோற்றமைக்குச் சட்டக் கோட்பாட்டின் போதாமையைக் காரணமாகக் காட்ட இயலாது.

1992 ஆகஸ்டு 9 அன்று மட்டக்களப்பு மாவட்டம் மயிலந்தனையில் 35 தமிழர் கொல்லப்பட்டனர். முந்தைய நாள் யாழ்ப்பாணத்தின் அராலியில் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ கண்ணிவெடியில் இறந்திருந்தார். வழக்கு மட்டக்களப்பிலிருந்து மாற்றப்பட்டு இறுதியில் கொழும்பை அடைந்தது. 2002இல் ஜூரி 18 படைவீரரையும் விடுவித்தது. 1996 பிப்ரவரி 11 அன்று திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அவ்வழக்கும் குற்றம் சாட்டப்பட்டோரின் வேண்டுகோளால் அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2016 ஜூலையில், சிங்களம் பேசும் ஜூரி ஆறு படைவீரரை விடுவித்தது.

இரண்டிலும் ஒரே அமைப்பு தென்படுகிறது. இலங்கைக் குற்றவியல் நடைமுறையில் ஜூரியின் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரைக் காக்க எழுந்த அவ்வுரிமை, இனப்போர்ச் சூழலில் வேறு பொருள் பெற்றுவிட்டது. சாட்சியோ தன் ஊரை விட்டு, கொன்ற படை கோலோச்சும் நிலத்தைக் கடந்து, தனக்குப் புரியாத மொழி பேசும் அவையில் மொழிபெயர்ப்பாளர் வழியே பேச வேண்டியவராகிறார். குமாரபுரத்துச் சாட்சிகள் இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின்னரும் அதைச் செய்தனர் என்பதே வியப்புக்குரியது. இடத்தொலைவு கடக்க முடியாததன்று. 2012 மார்ச்சில் ஆப்கானித்தானின் காந்தகார் மாகாணத்தில் 16 குடிமக்களைக் கொன்ற அமெரிக்கச் சார்ஜன்ட் இராபர்ட் பேல்சின் வழக்கில், தொடக்க விசாரணையின்போது சாட்சிகள் காந்தகாரிலிருந்து காணொளி வழியே பேசினர். 2013 தண்டனை விசாரணைக்கு அவர்களுள் சிலர் வாஷிங்டன் மாநிலத்துக்கு விமானத்தில் அழைத்துவரப்பட்டனர். அது இராணுவ நீதிமன்றமே. ஆயினும் பிணையில்லா வாழ்நாள் சிறை விதித்தது. அரசு விரும்பினால் சாட்சி வந்து சேர்வார்.

மிருசுவிலில் வேறுபட்டது எது?

மிருசுவில் வழக்கில் தண்டனை கிட்டியமைக்கு மூன்று சூழல்கள் காரணமாயின. அவற்றுள் ஒன்றேனும் சட்டம் உறுதியளித்ததன்று.

முதலாவது, தப்பியவர். அவர் உயிரோடு உறவினரை அடைந்து செய்தி சொல்லாதிருந்தால், போர்க்காலத்துக் காணாமற்போனோர் பட்டியலில் எட்டுப் பெயர்கள் சேர்ந்திருக்கும். வழக்கு என ஒன்று தோன்றியிராது. இரண்டாவது, காலம். சில நாட்களுக்குள்ளேயே இராணுவப் பொலிஸார் சந்தேக நபர்களைப் பிடித்தனர், புதைகுழி வெளிப்பட்டது, நீதவான் முன்னிலையில் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. படைக்குள்ளேயே இயங்கும் காவல் பிரிவு தன் கடமையைச் செய்ததன் பயன் இது. வழக்கமாகச் சான்றை மறைக்கும் இடமாகக் கருதப்படும் இராணுவ அமைப்பே இங்கு சான்றைத் தந்தது. இராணுவ விசாரணையையும் குடிமை விசாரணையையும் எதிரெதிராக நிறுத்தும் பார்வை இவ்விடத்தில் தடுமாறுகிறது. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்ததாலேயே வழக்கு நின்றது. மூன்றாவது, மன்றத்தின் அமைப்பு. இலங்கை நாளிதழ்கள் ‘ட்ரயல் அட் பார்’ என எழுதும், ஜூரி அற்ற மூன்று நீதிபதிகளின் சிறப்பு அமர்வு இதனை விசாரித்தது. கிருசாந்தி குமாரசாமி வழக்கிலும் அவ்வாறான அமர்வே 1998 ஜூலையில் மரண தண்டனை விதித்தது. 1996 செப்டம்பரில் செம்மணிச் சோதனைச்சாவடியில் மாணவி கிருசாந்தியும் அவரைத் தேடிச் சென்ற தாய், தம்பி, அயலவர் ஆகியோரும் கொல்லப்பட்ட வழக்கு அது. தண்டனை கிட்டிய இவ்விரு வழக்குகளிலும் ஜூரி இல்லை. மயிலந்தனையிலும் குமாரபுரத்திலும் ஜூரி இருந்தது. நான்கு வழக்குகளைக் கொண்டு விதி வகுத்தல் பொருந்தாதெனினும், இவ்வொழுங்கைத் தற்செயல் எனத் தள்ளுதல் எளிதன்று.

எனினும் மிருசுவில் தீர்ப்பைச் சாதனையெனப் போற்றுவதில் ஓர் இடர் உண்டு. குற்றம் சாட்டப்பட்டோர் ஐவர். நால்வர் போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பட்டனர். எட்டுப் பேரைப் பிடித்து, கொன்று, புதைத்த செயல் சட்டப் பதிவில் ஒரு சார்ஜன்டின் செயலாகச் சுருங்கியது. கட்டளைப் பொறுப்பு வினாவாகவே எழவில்லை. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாயில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்ட நிகழ்விலும் தண்டிக்கப்பட்டவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவரே; அவருடைய கேப்டன் எர்னஸ்ட் மெடினா விடுவிக்கப்பட்டார். கிருசாந்தி வழக்கின் எதிரியான சோமரத்ன ராஜபக்ச, தண்டனை பெறும் வேளையில் செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என மன்றத்தில் கூறினார். 1999இல் அங்கு 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அதிகாரிகள் மீது வழக்கு எழவில்லை. ஒருவரின் தண்டனை அவருக்கு மேலிருப்போருக்குக் கேடயமாகிவிடும் இயல்பு இவ்வழக்குகளில் தொடர்ந்து காணப்படுகிறது.

மன்னிப்பின் அதிகாரம்

ஒருவரில் சுருங்கிய பொறுப்பை ஒரு கையெழுத்தில் நீக்கிவிடலாம். கேலிக்கு 1971 மார்ச்சில் வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டவுடனேயே ஜனாதிபதி நிக்சன் அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றினார். 1974இல் அவர் விடுதலையானார். தண்டித்தது இராணுவ நீதிமன்றம். மிருசுவிலில் தண்டித்தது குடிமை நீதிமன்றம். முடிவு ஒன்றே.

ரத்நாயக்கவின் மரண தண்டனை தூக்கில் முடிந்திருக்காது. இலங்கையில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனவே மன்னிப்பு அவரைச் சாவிலிருந்து காக்கவில்லை, சிறையிலிருந்தே விடுவித்தது. காலச்சூழலும் நோக்கத்தக்கது. 2019 தேர்தல் பரப்புரையில், சிறையிலுள்ள படைவீரர்களை விடுவிப்பதாகக் கோத்தாபய உறுதியளித்திருந்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கு நான்கு நாட்களுக்குப் பின் வந்ததால் பொதுவெளியில் பெரிதும் கவனிக்கப்படவில்லை. மன்னிப்பு கொரோனா ஊரடங்கின் நடுவே வந்தது. தீர்ப்பும் அதன் நீக்கமும் நாடு வேறொன்றை நோக்கியிருந்த நாட்களிலேயே நிகழ்ந்தன.

இலங்கை அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை மன்னிப்பதிகாரத்தைத் தருவதோடு, மரண தண்டனைக் கைதியைப் பொறுத்தவரை ஒரு நடைமுறையையும் விதிக்கிறது. விசாரணை நீதிபதியின் அறிக்கை பெறப்பட வேண்டும். அது சட்டமா அதிபருக்கு அனுப்பப்பட வேண்டும். அவருடைய ஆலோசனையோடு நீதி அமைச்சரை அடைந்து, அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதிக்குச் செல்ல வேண்டும். மிருசுவில் மன்னிப்பை எதிர்த்து 2020இல் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கலாயின. அதன்பின், அரசியல்வாதி துமிந்த சில்வாவுக்குக் கோத்தாபய வழங்கிய மன்னிப்பை 2024 ஜனவரி 17 அன்றும், றோயல் பார்க் கொலைக் கைதிக்கு மைத்திரிபால சிறிசேன வழங்கிய மன்னிப்பை அவ்வாண்டு ஜூனிலும் அதே நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. ஜனாதிபதியின் மன்னிப்பு நீதிமன்ற ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று என்பது இவ்விரு தீர்ப்புகளால் நிலைபெற்றது. இரண்டிலும் கொலையாளிகள் படையினர் அல்லர். படைவீரர் என்னும் தகுதி அந்த அளவுகோலை மாற்றுமா என்னும் வினா மிருசுவில் மனுக்களுக்கு உரியது.